லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் காட்டவில்லை: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லேப்டாப் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருப்பவன் எழுதுவது இது. "டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க" என்று வருகிறவர்களில் பலருக்கு டிஸ்க் போயிருக்காது. கேபிள் விட்டிருக்கும், இல்லையென்றால் பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஒரு செட்டிங் மாறியிருக்கும். நிஜமாகவே டிஸ்க் கெட்டுப்போய் வருகிறவர்களுக்கோ, முந்தின ராத்திரி வீட்டில் அவர்களே செய்த நாலு முயற்சியில் மிச்ச உயிரும் போயிருக்கும். அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு கேள்வி: உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு வேறு எங்காவது காப்பி இருக்கிறதா? இருந்தால் கீழே உள்ள எல்லாவற்றையும் தைரியமாகச் செய்து பாருங்கள். இல்லையென்றால், நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறது. டிஸ்க் செத்துவிட்டதா?

அந்த வரியை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. விண்டோஸை ஏற்ற ஒரு டிஸ்க் கிடைக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். டிஸ்க்கே இல்லாவிட்டாலும் அது வரும். டிஸ்க் நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தாலும் வரும். எச்பியில் இதே விஷயம் 3எஃப்0 என்ற எண்ணோடு 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்று வரும். அசுஸில் பல மாடல்கள் ஒன்றும் சொல்லாமல் நேராக பயாஸ் திரையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

எல்லாவற்றுக்கும் முன் பென்டிரைவ், மெமரி கார்டு எது சொருகியிருந்தாலும் உருவிவிட்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள். பாட்டு ஏற்றிய பென்டிரைவிலிருந்து விண்டோஸைத் தேடிக்கொண்டிருந்த லேப்டாப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

பயாஸுக்குள் எப்படிப் போவது? அங்கே என்ன பார்க்க வேண்டும்?

ஆன் செய்த நொடியிலிருந்து கீயை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், ஏசர், அசுஸ் என்றால் எஃப்2. எச்பி என்றால் எஃப்10. லெனோவாவில் எஃப்2, திங்க்பேட் ஆனால் எஃப்1. சில லெனோவா மாடல்களில் பக்கவாட்டில் ஊசித்துளை போல ஒரு நோவோ பட்டன் இருக்கும், லேப்டாப் ஆஃபில் இருக்கும்போது அதைக் குத்தினால் மெனு வரும்.

உள்ளே போனதும் டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் எங்கே போட்டிருக்கிறது என்று தேடுங்கள். மெயின், இன்ஃபர்மேஷன், ஸ்டோரேஜ் என ஏதாவது ஒரு பக்கத்தில் இருக்கும். பெயரும் அளவும் சரியாக வந்தால், வயர் வழியாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது. கோளாறு பெரும்பாலும் செட்டிங்கிலோ விண்டோஸிலோதான். 'நன்' (எதுவும் இல்லை) என்றோ வெறுமையாகவோ இருந்தால் கேபிள், ஸ்லாட், டிஸ்க் இந்த மூன்றில் ஒன்று. பெயர் விசித்திரமாகவோ, 500 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் சில எம்பியாகவோ வந்தால் டிஸ்க்கின் உள் மூளையில் கோளாறு. இந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போனாலும் அரை மணி நேரப் பேச்சு மிச்சம்.

பயாஸில் பெயர் வருகிறது. ஆனால் விண்டோஸ் ஏறவே மாட்டேன் என்கிறது.

அதே திரையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிறு பட்டன் பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பல பழைய மாடல்களில் அது தீர்ந்தால் செட்டிங்கெல்லாம் கம்பெனியில் இருந்து வந்தபடி மாறிக்கொள்ளும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகள் கடைக்கு வரும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அப்படி மாறும் செட்டிங்கில் இரண்டு முக்கியம். ஒன்று பூட் மோட்: லெகசி என்ற பழைய முறையில் போட்ட விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் ஏறாது, யூஇஎஃப்ஐயில் போட்டது லெகசியில் ஏறாது. மாற்றி ஒருமுறை பாருங்கள், டேட்டாவுக்கு இதனால் ஆபத்து இல்லை. இன்னொன்று சாட்டா மோட், அதாவது டிஸ்க்கோடு லேப்டாப் பேசும் முறை: ஏஎச்சிஐயா, ரெய்டா, புது மாடல்களில் விஎம்டியா என்பது. இது மாறிவிட்டால் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வரும். முன்பு இருந்தபடி திருப்பி வைத்தால் பழையபடி ஏறிவிடும். எது முன்பு இருந்தது என்று தெரியாவிட்டால், இருப்பதே இரண்டு மூன்றுதான், ஒவ்வொன்றாகப் பாருங்கள். பட்டன் பேட்டரி சில பத்து ரூபாய்தான். அதை மாற்றாமல் விட்டால் அடுத்த வாரமும் இதே கதை.

புதிதாக விண்டோஸ் போட உட்கார்ந்தேன். டிஸ்க் லிஸ்ட்டே காலி. பயாஸில் மட்டும் இருக்கிறது.

உங்கள் லேப்டாப் இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தையதோவாக இருந்தால், விடை விஎம்டி. டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் நடுவே இன்டெல் வைத்திருக்கும் ஒரு வாயிற்காவலன் அது. அதோடு பேசத் தெரிந்த டிரைவர் விண்டோஸ் பென்டிரைவில் இல்லையென்றால் டிஸ்க் கண்ணுக்கே தெரியாது.

வழி இரண்டு. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஐஆர்எஸ்டி (இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி) டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போடுங்கள். டிஸ்க் லிஸ்ட் வரும் திரையில் 'லோட் டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தோன்றிவிடும். ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே போட்டுவிட்டு "வேலை செய்யலை சார்" என்பவர்கள் அதிகம். இரண்டாவது வழி, பயாஸில் விஎம்டியை அணைப்பது. ஏசரின் பல மாடல்களில் மெயின் பக்கத்தில் நின்று கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே தெரியும்.

காலி டிஸ்க்கில் புதிதாக விண்டோஸ் போடுகிறவர்களுக்குத்தான் இரண்டாவது வழி. ஏற்கெனவே விஎம்டி இயங்கும் நிலையில் போட்ட விண்டோஸ் உள்ளே இருந்தால், அணைத்ததும் மேலே சொன்ன நீலத் திரை வந்து நிற்கும்.

பயாஸில் ஏதோ மாற்றினேன், இப்போது 48 இலக்க எண் கேட்கிறது. இது என்ன புதுக் கூத்து?

பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. நீங்கள் போட்டதாக ஞாபகம் இருக்காது; மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 அமைத்த பல லேப்டாப்புகளில் அது தானாகவே இயங்கிவிடும். வீட்டுப் பூட்டை யாரோ நெம்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சாவி கேட்கிறது. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் போய் 'டிவைசஸ்' பகுதியில் பாருங்கள். லேப்டாப் வாங்கிய நாளில் கடைக்காரர் தன் மெயிலில் கணக்கு திறந்து கொடுத்திருந்தால் அவரைப் பிடியுங்கள். எண் கிடைக்காவிட்டால் அந்த டேட்டாவை யாராலும் எடுக்க முடியாது, "நாங்க எடுத்துத் தர்றோம்" என்று சொல்பவர் உட்பட.

பயாஸில் கைவைக்கும் முன்பே இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.

பயாஸிலேயே டிஸ்க் இல்லை. திறக்காமல் ஏதாவது செய்யலாமா?

சார்ஜரை உருவுங்கள். பேட்டரி வெளியே எடுக்கிற மாதிரி இருந்தால் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் சொருகி ஆன் செய்யுங்கள். பிறகு பயாஸில் 'லோட் டீஃபால்ட்ஸ்' ஒருமுறை. ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எச்பியில் எஃப்2, டெல்லில் எஃப்12 வழியாக டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டலாம். இத்தனைக்கும் டிஸ்க் வரவில்லையென்றால் திறந்துதான் ஆக வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து சத்தம் வந்தால் இதைக்கூடச் செய்ய வேண்டாம். சத்தம் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

நானே திறந்து பார்க்கலாமா?

வாரண்டி முடிந்திருந்து, கையில் பொறுமையும் சரியான ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால், தாராளமாக. திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. லேப்டாப் ஆஃபில் இருந்தாலும் போர்டில் கரண்ட் இருக்கும். ஸ்க்ரூ ஒன்று தவறி விழுந்தால் டிஸ்க் பிரச்சினை மதர்போர்டு பிரச்சினையாகிவிடும். பேட்டரியைக் கழற்றும்போதே அது உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உப்பிய பேட்டரி பக்கத்தில் இருக்கும் கேபிளை மெல்ல மெல்ல நெம்பிக்கொண்டே இருக்கும்.

உள்ளே இருப்பது இரண்டரை அங்குல டிஸ்க் என்றால், அதை மதர்போர்டோடு சேர்ப்பது பேப்பர் கனத்தில் ஒரு தட்டைக் கேபிள். நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இதன் ஒரு முனையில் டிஸ்க்கைக் கவ்வும் நீளமான கனெக்டர், டேட்டாவுக்கு 7 பின், கரண்டுக்கு 15 பின். மறுமுனை மதர்போர்டில் கறுப்போ பழுப்போ நிறத்தில் ஒரு குட்டிப் பூட்டுக்குள் போகும். அந்தப் பூட்டை நகத்தால் மேல்நோக்கித் தூக்கினால்தான் கேபிள் வரும். தூக்காமல் இழுத்தால் பூட்டு உடையும், உடைந்தால் மாற்றுவது கஷ்டம். கேபிளை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மடிப்பு விழும் இடத்தில் வெள்ளைக் கோடோ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். முனையில் இருக்கும் தங்க நிறப் பட்டைகள் மங்கியிருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, திரும்பப் பூட்டுங்கள்.

ஒரு டீச்சரம்மா லேப்டாப் என்னிடம் வந்தது. அதற்கு முன் வேறு இடத்தில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதென்று புதிது போட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் அதுவும் 'போனது'. லேப்டாப்பை மேஜையில் வைத்தால் டிஸ்க் தெரியும், மடியில் வைத்தால் மறையும். டச்பேடுக்கு அடியில் கேபிள் ஒரு ஸ்க்ரூ மேட்டின் மேல் ஏறி நின்றது. உள்ளங்கை அழுந்தும்போதெல்லாம் உள்ளே ஒரு கம்பி விட்டுவிட்டுச் சேர்ந்தது. சில நூறு ரூபாய் கேபிள்தான். கழற்றி வீசச் சொன்ன பழைய டிஸ்க்கை அவர் நல்லவேளையாகப் பீரோவில் வைத்திருந்தார். அதில் எல்லாம் அப்படியே இருந்தது.

இந்தக் கேபிள் வியாதிக்குப் பேர்போன மாடலும் உண்டு: 2012இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ, அதாவது ஹார்ட் டிஸ்க்கோடு வந்த கடைசி வகை. கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் திரையில் மின்னினால், அந்த மாடலில் டிஸ்க்கை விடக் கேபிளைத்தான் முதலில் மாற்றிப் பார்ப்பார்கள்.

புதிதாக எம்.2 எஸ்எஸ்டி வாங்கி மாட்டினேன். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது, ஆனால் காட்டவில்லை.

உட்கார்ந்ததாலேயே ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. எஸ்எஸ்டி என்பது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்; எம்.2 என்பது அதன் ஒரு வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவத்தில் சாட்டா (பழைய இணைப்பு முறை) எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ (வேகமான புது முறை) எஸ்எஸ்டியும் உண்டு. பெரும்பாலும் சாட்டாவுக்கு முனையில் இரண்டு வெட்டு, என்விஎம்இக்கு ஒரு வெட்டு. சில லேப்டாப்புகளின் ஸ்லாட் இதில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லும். மற்றதை மாட்டினால் சத்தமில்லாமல் இருக்கும். வாங்கும் முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

அடுத்த சந்தேகம் அந்தக் கடைசி ஸ்க்ரூ. எஸ்எஸ்டியைச் சாய்வாகச் சொருகி, கீழே அமுக்கி, முனையில் ஒரு சின்ன ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்க்ரூ தொலைந்துவிட்டது என்று டேப் ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். டேப் சூட்டில் தளர்ந்ததும் முனை எழும்பி, டிஸ்க் மறைந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று சத்தம் வருகிறது.

ஆஃப் செய்யுங்கள். இப்போதே. மீதியைப் பிறகு படிக்கலாம்.

உள்ளே பளபளப்பான தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதன் மேல் படிக்கும் ஹெட், தலைமுடி கனத்தை விடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டிலில் இருந்து விழுந்தால் ஹெட் தட்டில் இடிக்கும். அந்தச் சத்தம், ஹெட் தன் இடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்பக் கரைக்கு வந்து மோதுவது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டின் மேல் பூச்சு கொஞ்சம் சுரண்டப்படலாம். சுரண்டியது திரும்ப வராது.

மெல்லிய பீப் போன்ற முனகல் வந்தால் ஹெட் தட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். சத்தமோ அதிர்வோ எதுவுமே இல்லையென்றால் கரண்ட் போகவில்லை: கேபிள், அல்லது டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சை போர்டு. "அதே மாடல் போர்டை வாங்கி மாட்டிடலாம்ல?" என்பார்கள். பழைய டிஸ்க்குகளில் நடந்திருக்கிறது. இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் அந்தப் போர்டில் ஒரு சிறு சிப்பில் இருக்கும். அதையும் பெயர்த்து மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் ஓடாது.

டேட்டா வேண்டுமென்றால், தூசியில்லா அறை வைத்திருக்கும் ரெக்கவரி லேபிடம் நேராகக் கொடுங்கள். செலவு டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். மேஜை ஃபேனுக்கு அடியில் டிஸ்க் மூடியைத் திறந்து 'பார்க்கிற' கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அப்படித் திறந்த டிஸ்க்கை லேபில் வாங்கவே யோசிப்பார்கள்.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்கிறார்களே?

வேண்டாம். வெளியே எடுத்ததும் சொம்பின் மேல் வேர்ப்பது போல உள்ளே தட்டின் மேல் ஈரம் படியும். நம் ஊர்க் காற்றில் சொல்லவே வேண்டாம். தட்டுவது, குலுக்குவது, வெயிலில் வைப்பது எல்லாம் இதே கணக்கு.

எஸ்எஸ்டியில் சத்தமே வராதே. போய்விட்டதென்று எப்படித் தெரியும்?

அதுதான் அதன் கெட்ட குணம். ஹார்ட் டிஸ்க் முனகி, இழுத்து, நாள் கணக்கில் எச்சரித்துவிட்டுப் போகும். எஸ்எஸ்டி நேற்று வரை நன்றாக ஓடி இன்று காலை இருக்காது.

சாட்டா எஸ்எஸ்டி திடீர் கரண்ட் கட்டுக்குப் பிறகு மறைந்தால் ஒன்றைச் செய்து பார்க்கலாம். சார்ஜரைச் சொருகி, பயாஸ் திரையில் 20 நிமிடம் ஒன்றும் செய்யாமல் விடுங்கள். முழுக்க ஆஃப் செய்து கரண்டைத் துண்டித்து 30 விநாடி. மறுபடி 20 நிமிடம். எந்த ஃபைல் எந்தச் சிப்பில் இருக்கிறது என்ற அட்டவணை பாதி எழுதும்போது அறுந்திருந்தால், கரண்ட் மட்டும் கிடைக்கும் அந்த நேரத்தில் எஸ்எஸ்டி அதைச் சரிசெய்துகொள்ள வாய்ப்பு உண்டு. எப்போதும் நடக்காது. நடந்தால் விண்டோஸ் திறந்த கையோடு ஃபைல்களை வெளியே எடுங்கள்.

பயாஸில் எஸ்எஸ்டியின் பெயருக்குப் பதில் 'சாட்டாஃபர்ம் எஸ்11' என்று வந்தால், அது மலிவு எஸ்எஸ்டிகள் பலவற்றில் இருக்கும் ஃபைசன் எஸ்11 கண்ட்ரோலர் (எஸ்எஸ்டியை நடத்தும் சிப்) போடும் கூக்குரல். தன் ஃபர்ம்வேரை (உள்ளே பதித்த மென்பொருளை) அதனால் படிக்க முடியவில்லை. யூடியூப் பார்த்து ஃபர்ம்வேர் திரும்ப ஏற்றினால் எஸ்எஸ்டி உயிர் பெறலாம், உள்ளே இருந்தது போய்விடும். டேட்டா வேண்டியவர்கள் இங்கே நிறுத்துங்கள்.

இது மலிவுச் சரக்குக்கு மட்டும் வருவதில்லை. 2011இல் இன்டெல் 320 வரிசையில், கரண்ட் கட்டானால் கொள்ளளவு 8 எம்பி என்று காட்டும் பிழை இருந்தது. குரூஷியல் எம்4 எஸ்எஸ்டிகளோ 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் தடுமாறின. இரவு பகல் ஓடினால் 216 நாள் கணக்கு. இரண்டுக்கும் பின்னால் ஃபர்ம்வேர் அப்டேட் வந்தது. எஸ்எஸ்டி நன்றாக இருக்கும்போதே கம்பெனி தளத்தில் அப்டேட் இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்ப்பது இதனால்தான்.

பத்து நிமிடம் ஓடுகிறது, நீலத் திரை வருகிறது, ரீஸ்டார்ட் ஆனால் டிஸ்க் இல்லை. அணைத்துவிட்டுப் போட்டால் திரும்ப வருகிறது!

ரீஸ்டார்ட்டில் எஸ்எஸ்டிக்குப் போகும் கரண்ட் நிற்பதில்லை. அதனால் மயங்கிய கண்ட்ரோலர் மயங்கியபடியே இருக்கும்; முழுக்க அணைத்தால்தான் விழிக்கும். சூடு, ஃபர்ம்வேர், அல்லது சாகத் தொடங்கிய எஸ்எஸ்டி. எதுவானாலும், கிடைக்கிற அந்தப் பத்துப் பத்து நிமிடத்தில் முக்கியமானதை முதலில் காப்பி எடுங்கள். சினிமாவெல்லாம் கடைசியில்.

கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகினேன். 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று கேட்கிறது. ஓகே கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 'ஃபார்மட் செய்ய வேண்டுமா' என்று கேட்டாலும் கேன்சல்தான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண போட்டோகிராஃபரின் டிஸ்க்கில் இதற்கு ஓகே கொடுத்தேன். வழியில் வரும் எல்லா ஜன்னலுக்கும் ஓகே கொடுக்கும் கை அது. இனிஷியலைஸ் செய்தால் பார்ட்டிஷன் அட்டவணை மட்டும்தான் புதிதாக எழுதப்படும், உள்ளே இருப்பவை அங்கேயேதான் இருக்கும் என்பது அப்போது தெரியாது. வேர்த்துக் கொட்டியது. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட்டி அட்டவணையை மீட்டேன். அதோடு நில்லாமல் புதுப் பார்ட்டிஷனும் போட்டு ஃபார்மட்டும் செய்திருந்தால், அதுவும் எஸ்எஸ்டியாக இருந்திருந்தால், அவ்வளவுதான். ட்ரிம் என்ற வசதி அழித்த இடத்தைச் சில நொடிகளில் நிஜமாகவே காலியாக்கிவிடும்.

இந்த நிலையில் சரியான வழி, உபுண்டு (ஒரு லினக்ஸ்) ஏற்றிய பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்து, டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்து, டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைக் கொண்டு இன்னொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுப்பது. மீட்பு வேலையெல்லாம் பிரதியில்தான்.

என் லேப்டாப்பில் எஸ்எஸ்டி கழற்றவே முடியாதாமே?

மலிவு லேப்டாப்புகளில் 32, 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். 2016க்குப் பின் வந்த மேக்புக் ப்ரோக்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆப்பிளின் டி2, எம்1 வகைச் சிப் உள்ளவற்றில் டேட்டாவின் பூட்டும் அதே சிப்புக்குள் இருப்பதால், சிப்பைப் பெயர்த்து வேறு இடத்தில் படிக்க முடியாது. போர்டை உயிர்ப்பித்தால்தான் உண்டு. இவற்றுக்குப் பேக்கப் ஒன்றே வழி.

டிஸ்க் தானாகவே திரும்ப வந்துவிட்டது. இனி கவலையில்லைதானே?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை இறக்கி ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் 05, சி5, சி6 வரிகளில் (கெட்டுப்போன இடங்களின் கணக்கு) கடைசியில் இருக்கும் எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் தட்டு தேய்கிறது, டிஸ்க்கை மாற்றுங்கள். அவை பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறினால் சந்தோஷப்படலாம்: அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த டேட்டாவின் கணக்கு. குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். சி7 எண் ஏறினால் இறங்காது, அதனால் கேபிள் மாற்றிய பிறகு மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாரண்டி இருக்கிறது. டிஸ்க்கைக் கொடுத்தால் ஃபைலோடு திருப்பித் தருவார்களா?

மாட்டார்கள். வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. பழையதை வாங்கிக்கொண்டு புதியதையோ, பழுது பார்த்த வேறொன்றையோ கொடுப்பார்கள்; உங்கள் பழைய டிஸ்க் அதோடு கைவிட்டுப் போகும். டேட்டா முக்கியமென்றால் முதலில் ரெக்கவரி லேபில் பேசுங்கள், அவர்கள் டிஸ்க்கைத் திறந்தால் வாரண்டி நிற்குமா என்பதையும் டிஸ்க் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை முழுசாகக் கொடுப்பதாக இருந்தால், ஜாப் ஷீட்டில் டிஸ்க்கின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி, "அனுமதி இல்லாமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.